மண்ணுக்குள்ளே ஒரு நெல்லைக்காரன்

"ஏன் அண்ணாச்சி, மலையப் பாம்புக்கு எழுதிக் குடுத்துட்டு எங்களக் கீழ எறக்கி விட்டுட்டாவளே, அந்தப் பாம்பு என்ன அம்புட்டுப் பெரிய ஆளா?"

விக்கிரமசிங்கபுரத்துத் தேநீர்க்கடை ஒன்றிலே, தோழர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளி. தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம். தகப்பன் மருந்தடித்தான், தாய் கொழுந்து கிள்ளினாள், இவர் கவாத்து வெட்டினார். 2024-ஆம் ஆண்டு நடுவிலே, 'விருப்ப ஓய்வு' என்று தலைப்பிட்ட தாளில் ஒப்பமிட்டுவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி வந்தவர். விருப்பமாம், ஓய்வாம்! அவருக்கு விருப்பமும் இல்லை, ஓய்வும் இல்லை. வாடகை வீடும், கிடைத்த நாளைக்குக் கிடைத்த கூலியுந்தான் மிச்சம்.

அவர் கேள்வியிலே கோபம் இருந்தது. கோபத்திலே நியாயமும் இருந்தது. ஆனால் விலாசம் மாறிப் போன கடிதம்போல அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்தை விட்டு வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவரிடம் அப்போதே பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. பாம்பைப்பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம், கண்டால் கம்பெடு என்பதுதானே! ஆகவே படித்தோம், தெரிந்தவர்களிடம் கேட்டோம். இன்றைய நம் கட்டுரை அந்தத் தோழருக்கான பதில். அவரைப் போன்ற பலருக்கும் பயன்படலாம்.

பெரிய ஆளா என்று கேட்டார் அல்லவா? அல்ல. ஒரு சாண் நீளம். மிஞ்சிப் போனால் ஒன்றரைச் சாண். விஷம் கிடையாது. கடிக்கவும் தெரியாது. சீறாது, படமெடுக்காது. மண்ணுக்குள்ளே பிறந்து, மண்ணுக்குள்ளே புழுவைத் தின்று, மண்ணுக்குள்ளேயே மடிகிற உயிர். 1875-ஆம் ஆண்டு, இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் குந்தர் என்ற அறிஞர், திருநெல்வேலி மலையிலிருந்து சாராயப் புட்டியில் வந்து சேர்ந்த இந்தப் பாம்பைப் பார்த்து விவரம் எழுதி, உலகத்துக்கு அறிமுகம் செய்தார். அது முதல் ஆங்கில ஏடுகளிலே அதற்குப் பெயர் 'டின்னவேலி மண் பாம்பு.' ஆம், நம் ஊர்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு பாம்பு இருக்கிறது. அல்வாவுக்கும் ஆற்றுக்கும் பெயர்போன ஊர் என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். நம் மண்ணுக்குள்ளேயே குடியிருக்கும் இந்த நெல்லைக்காரனைப்பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இதன் குலத்துக்குக் 'கேடயவால் பாம்புகள்' என்று பெயர். வாலின் நுனி கூராக இருக்காது; யாரோ கத்தியால் சாய்வாகச் சீவிவிட்டதுபோல் மழுங்கி, சொரசொரப்பாக, சிறிய கேடயம் மாதிரி இருக்கும். தலையோ கூர்மை. துளைபோட்டுக்கொண்டு மண்ணுக்குள் போகும்போது, வாலின் சொரசொரப்பிலே ஈரமண் அப்பிக்கொள்ளும். பின்னாலேயே துரத்தி வருகிற எதிரிக்குப் பாதை அடைபட்டுப் போகும். ஓடிக்கொண்டே கதவைச் சாத்திக்கொள்கிற வித்தை! போர்க்களத்திலே கேடயத்தை முன்னால் பிடிப்பார்கள். இவன் பின்னால் பிடிக்கிறான், அவ்வளவுதான்.

இது மண்ணைத் துளைக்கும் முறையைத் தொழிலாளத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கடப்பாரை இல்லை, மண்வெட்டி இல்லை, கை கால்கூட இல்லை. கூர்மையான தலையை ஆப்பு வைப்பதுபோல் மண்ணில் செருகும். பிறகு உடம்பின் முன்பகுதியிலே, தோலுக்குள்ளாகவே முதுகெலும்பை வளைக்கும். வளைத்ததும் உடம்பு அந்த இடத்தில் பருத்துச் சுற்றியுள்ள மண்ணை அழுத்தி ஒதுக்கும், பிடிமானமும் கிடைக்கும். பிடித்துக்கொண்டு தலையை மீண்டும் முன்னால் தள்ளும். இப்படி அங்குலம் அங்குலமாகச் சுரங்கம் வெட்டுகிறது. இந்த வேலைக்கென்றே முன்பகுதித் தசைகள் தடித்து, உயிர்வளியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செந்நிறத் தசைகளாக அமைந்திருக்கின்றன. நெடுநேரம் களைப்பில்லாமல் உழைக்கும் தசைகள் அவை. பின்பகுதித் தசைகளோ வெளிறியவை. முன்பகுதி உழைக்கிறது, பின்பகுதி இழுபட்டுக்கொண்டு போகிறது. நாட்டு நடப்பை எண்ணிச் சிரிக்கத் தோன்றுகிறதா? நமக்கும் தோன்றியது.

முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரிந்து, சில குட்டிகள் உயிரோடு வெளிவரும். உணவு பெரும்பாலும் மண்புழு. மழைக்காலத்து இரவுகளிலே மண் நனைந்து ஊறிப் போகும்போது வெளியே தலை காட்டும். அப்போதுதான் மனிதன் கண்ணில் படுவது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் செதில்கள் எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போல வானவில் வண்ணம் காட்டும். சேறு ஒட்டாத வழவழப்பு. நாள் முழுதும் சேற்றிலே கிடந்தும் சட்டை அழுக்காகாத ஆசாமி!

பயந்தால் என்ன செய்யும் தெரியுமா? தலையை உடம்புச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு, மழுங்கிய வாலை வெளியே நீட்டிக் காட்டும். எதிரி வாலைத் தலை என்று நினைத்துக் கொத்தினாலும் உயிர் தப்பும். இதைக் கண்டுதான் 'இரண்டு தலைப் பாம்பு' என்று நம் மக்கள் கதை கட்டினார்கள். கதையோடு நின்றிருந்தால் பாதகமில்லை. சமவெளியிலே இருக்கும் மண்ணுளிப் பாம்பு என்ற வேறொரு சாதுப் பிராணிக்கும் வால் இதைப்போல மழுங்கியிருக்கும். அதற்கும் இரண்டு தலை என்று சொல்லி, வீட்டில் வைத்தால் செல்வம் கொட்டும், புதையல் கிடைக்கும், தீராத நோய் தீரும் என்று சொல்லி, எடைபோட்டு இலட்சக்கணக்கில் பேரம் பேசும் மோசடிக் கூட்டம் இந்த நாட்டிலே இன்னும் உலவுகிறது! நாளேடுகளைப் பிரித்தால் இன்ன ஊரில் மண்ணுளிப் பாம்பு கடத்தியோர் கைது என்று செய்தி. சந்திரனுக்கு விண்கலம் அனுப்பிய நாட்டிலே, அந்த விண்கலத்துக்கு எஞ்சின் சோதித்த மகேந்திரகிரி நம் மாவட்டத்திலேயே இருக்க, பாம்பின் வாலிலே அதிர்ஷ்டம் தேடுகிறான் படித்தவன்! செல்வம் கொட்டுவது உண்மையானால் அதைப் பிடித்து விற்கிறவன் ஏன் பிடித்து விற்கிறான்? தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே? இந்தச் சிறு கேள்வியைக்கூடக் கேட்க முடியாதபடி மூடநம்பிக்கை மூளையை மூடிவிடுகிறது.

பாம்பெல்லாம் சாது, எவரும் பயப்பட வேண்டாம் என்று நாம் எழுத வரவில்லை. அது நகரத்து மாடியிலே உட்கார்ந்துகொண்டு எழுதுகிறவர்களின் பேச்சு. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்த நாட்டிலே பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 இலட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மாண்டவர்கள் யார்? காரில் போகிறவர்களா? வரப்பில் நடந்தவன், களத்தில் படுத்தவன், வெறுங்காலோடு தண்ணீர் பாய்ச்சப் போனவன். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குந்தான் இதில் பெரும்பங்கு. கடிபட்டால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, மந்திரக்காரன் வீட்டுக்கு ஓடாதே. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போ, விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. இதை ஒவ்வொரு கிளையிலும் நம் தோழர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களும் பாட்டாளிகளே. 1978-இல் செங்கற்பட்டுப் பகுதியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போனபோது, பாம்பைக் கொல்லாமல் விஷம் மட்டும் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விடும் தொழிலாக அதை மாற்றிக் காட்டினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, மண் பாம்புக்கு வருவோம்.

உலகத்திலே கேடயவால் பாம்புக் குலம் இருப்பது இரண்டே இடங்களில்: தென்னிந்தியத் தீபகற்பம், இலங்கை. ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். அவற்றிலே பல, ஒரு மலையில் இருப்பது அடுத்த மலையில் இராது. மகேந்திரகிரிக்கென்று ஒரு மண் பாம்பை 1886-இல் பெட்டோம் என்ற ஆங்கிலேயர் விவரித்து, அந்த மலையின் பெயரையே அதற்கு இட்டார். இந்தப் பெட்டோம் பட்டாளத்துக்காரர். 1860 முதல் 1882 வரை சென்னை மாகாணத்துக் காட்டிலாகாவின் தலைவராக இருந்தவர். மரம் எண்ணப் போன இடத்திலே மண்ணையும் கிண்டிப் பார்த்தவர். அவர்கள் ஆண்டதும் சுரண்டியதும் ஒருபக்கம் கிடக்கட்டும். நம் காலடி மண்ணை நமக்கு முன்னால் அவர்கள் புரட்டிப் பார்த்தார்கள் என்பதை மறுக்க முடியாது. பின்னாளிலே எம். வி. இராஜேந்திரன் என்ற தமிழர் இந்தக் குலத்தையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 1985-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வழியாக நூலாகத் தந்தார். அந்த நூலுக்கு எத்தனை பேர் மாலை போட்டோம்?

ஏன் ஒரு மலையை விட்டு இன்னொரு மலைக்குப் போவதில்லை? சோம்பலா? அன்று. இதன் தேவை ஈரமான, இளகிய, குளிர்ந்த மண். பொதிகையும் அதைச் சுற்றிய மலைகளும், அகத்தியமலை என்று வரைபடத்திலே குறிக்கப்பட்ட 1,868 மீட்டர்ச் சிகரம் உட்பட, இரண்டு பருவமழையும் வாங்குபவை. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களின் வரிசையில் வருபவை. அங்கே மண் வருடம் முழுதும் நனைந்திருக்கும். ஆனால் வடக்கே போனால் செங்கோட்டைக் கணவாய். 1904-இல் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியதே, அந்த வழி. ரயிலுக்கு வழிவிட்ட அந்தத் தாழ்வு, மண் பாம்புக்கு மதிற்சுவர். கீழே இறங்கினால் மண் சூடு, வறட்சி. கிழக்கே போனால் தேரியும் கரிசலும். தெற்கே கடல். மலை என்று நாம் பார்ப்பது, பாம்புக்குத் தீவு. தண்ணீரால் சூழப்பட்டது நம் பள்ளிக்கூடப் பாடத்துத் தீவு. வெயிலால் சூழப்பட்டது இந்தத் தீவு. இலட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படி அடைபட்டுக் கிடந்ததால் அந்தந்த மலைக்கு அந்தந்தக் குடி என்று ஆகிவிட்டது.

தீவு என்றதும் சிறியதொன்று என்று எண்ணிவிட வேண்டாம்; அதற்குள்ளே எத்தனை பழமை பதுங்கியிருக்கிறது! 2011-இல் இந்த மலையில் ஆராயச் சென்ற குழுவினர் கொம்பேறி மெலிந்த ஒரு கொடிப் பாம்பைக் கண்டார்கள். வழக்கமான பச்சைப் பாம்பு என்று தோன்றியது. ஆனால் செதிலிலே மேடு இருந்தது. மரபணுவை ஆராய்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள்: அது தன் உறவினங்களிலிருந்து சுமார் 2 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வந்த தனிக்கிளை! களக்காடு–முண்டந்துறைக் காட்டிலும், மேற்கே கேரளத்துச் செந்துருணிக் காட்டிலும் மட்டும் கண்டறியப்பட்டது. கல்தோன்றி மண்தோன்றாக் காலம் என்று மேடையிலே முழங்குகிறோமே, அந்தப் பேச்சுக்குப் பொருத்தமான குடி அந்த மரத்திலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலை நமக்கு மட்டுமல்ல. அமெரிக்காவிலே 'கார்ட்டர்' பாம்பு என்று ஒரு குலம் உண்டு. வெள்ளைக்காரர்கள் காலுறை நழுவாமலிருக்க ஒரு பட்டை கட்டுவார்கள். அந்தப் பட்டைபோல உடம்பின் நீளத்துக்குக் கோடு இருப்பதால் அந்தப் பெயர். நம் வாய்க்காலிலே மீனும் தவளையும் பிடிக்கிறதே தண்ணீர்ப் பாம்பு, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. அதிலே ஒருவகை, பெரும்பாலும் கலிபோர்னியாவின் சான் மேட்டியோ மாவட்டத்துக் குளங்கரைகளில் வாழ்வது. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர் என்று 1967-இலேயே அறிவித்துவிட்டார்கள். குளத்தைத் தூர்த்து வீட்டுமனை போட்டால் பாம்பு எங்கே போகும்? இப்போது அதன் முக்கியப் புகலிடங்களில் ஒன்று எது தெரியுமா? சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு அருகே மிச்சப்பட்டுக் கிடக்கும் சதுப்பு நிலம்.

இன்னொரு வகை, இராட்சதக் கார்ட்டர். அதன் கதையைத் தாமிரபரணிக் கரையில் நெல் விதைக்கும் நம் விவசாயத் தோழர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த மாநிலத்து நடுச்சமவெளியின் சதுப்பு நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் உழவுக்கும் ஊருக்குமாகப் போய்விட்டது. பாம்பு அழிந்திருக்க வேண்டும். அழியாமல் எங்கே போய்ப் பிழைத்தது? நெல் வயலிலே! சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர் நின்றதால், தவளை நின்றது. தவளை நின்றதால் பாம்பும் நின்றது. 1993-இல் மத்திய சர்க்கார் அதைப் பாதுகாக்க வேண்டிய உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. 2022-இல் கடும் வறட்சி. அணைத் தண்ணீர் வெட்டப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கிலே பெருமளவு நெல் வயல் தரிசாகக் கிடந்தது. உழவனுக்குத் தண்ணீர் நின்ற அன்றே பாம்புக்கும் நின்றது. இருவர் கஞ்சியும் ஒரே மடையிலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கேயும் அப்படித்தான். பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். காரும் பிசானமுமாக இரண்டு போகம். நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீர். ஹார்வி கம்பெனியார் 1880-களிலே பாபநாசம் அடிவாரத்தில் பஞ்சாலை வைத்தார்களே, விக்கிரமசிங்கபுரம் என்ற தொழிலாளர் ஊர் வளர்ந்ததே, எதை நம்பி? இந்தத் தண்ணீரின் வேகத்தை நம்பி. மழை பெய்கிற நாலு மாதத்தோடு ஆறு ஏன் வற்றிவிடவில்லை? மேலே காட்டு மண் பஞ்சுபோலக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுவதால். மண் பாம்பு செத்தால் ஆறு வற்றிவிடும் என்று நாம் கதை கட்ட மாட்டோம். கதை கட்டுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் சொல்வது இவ்வளவே: பாம்பு வாழ்கிற மண்ணும், ஆறு பிறக்கிற மண்ணும் ஒரே மண். அந்த மண் இறுகி வறண்டுபோயிற்று என்றால், முதலில் தெரிந்துகொள்வது பாம்பு. கடைசியில் தெரிந்துகொள்வது மருதூர்க் கால்வாயின் கடைமடை விவசாயி.

இப்போது தோழரின் கேள்விக்கு நேராக வருகிறோம். மலையைப் பாம்புக்கு எழுதிக் கொடுத்தார்களா?

எழுதிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் பாம்புக்கல்ல. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலே, சிங்கம்பட்டி ஜமீன்தார் தம் காட்டில் 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்திலே பாம்பு கைநாட்டு வைக்கவில்லை, தொழிலாளியும் வைக்கவில்லை. பிறகு நெல்லைச் சீமையிலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் ஏழைகளைத் திரட்டி மேலே ஏற்றினார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அட்டை கடிக்க, குளிர் நடுக்க, காட்டை வெட்டினார்கள். கோடரி பிடித்த கை தொழிலாளியின் கை என்பதை எவரும் மறுக்கவில்லை. கோடரியைக் கொடுத்த கை யாருடையது? வெட்டிய காட்டிலே விளைந்த தேயிலையின் இலாபம் யார் பெட்டிக்குப் போயிற்று? ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. 1952-இல் சிங்கம்பட்டி ஜமீன் சர்க்கார் வசமாயிற்று. ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை! ராஜா போனார், ரசீது நின்றது.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தொழிலாளர் குடியிருப்புகள் வரிசையாக எழுந்தன. நாலு தலைமுறை. சொந்தமென்று ஒரு சென்ட் கிடையாது. கூலி உயர்வுக்கும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலைக்கும் குரல் கொடுத்து 1999 ஜூலை 23-ஆம் நாள் நெல்லையிலே ஊர்வலம் வந்தார்கள். கொக்கிரகுளத்து ஆற்றங்கரையிலே தடியடி. தாமிரபரணியிலே 17 உயிர்கள் போயின, கைக்குழந்தை ஒன்று உட்பட. அந்த நாளை நெல்லை மறக்காது. எந்த ஆட்சிக் காலத்தில் நடந்தது என்று கணக்குப் பார்த்து நாம் வாய்மூடிக்கொண்டால் இந்த எழுதுகோலுக்கு வெட்கம்.

காட்டுக்கு ஒருபுறம் பாதுகாப்பு வளர்ந்து வந்தது. 1962-இல் முண்டந்துறைப் புலிகள் சரணாலயம், 1976-இல் களக்காடு, 1988-இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உலக மரபுச் சின்னம் என்ற பெருமை வந்தபோது இதுவும் அதில் அடங்கிற்று. 2018-இல் சிங்கம்பட்டிக் காடு ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிவது 2028 பிப்ரவரி. அதற்கு நாலாண்டு இருக்கும்போதே, 2024-இல், கம்பெனி கடையைக் கட்டத் தொடங்கிவிட்டது. தேயிலைத் தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனமே ஏற்று நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் வழக்காடினார்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மறுவாழ்வுத் திட்டங்களை நிறைவேற்றுங்கள், நிலம் காடாகட்டும் என்பதாகத் தீர்ப்பு அமைந்தது.

காடாகட்டும், நாமும் அதற்கு எதிரியல்ல. ஆறு பிறக்கும் மண் காடாக இருப்பதே நல்லது என்று மேலே நாமே எழுதியிருக்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். 95 ஆண்டு தேயிலை விளைத்த கம்பெனி கணக்கை முடித்துக்கொண்டு போகலாம். காட்டை வெட்டிய குற்றம் மட்டும், கூலி வாங்கிய குடும்பத்தின் தலையிலே தங்க வேண்டுமா? பாம்பைக் காட்டித் தொழிலாளியைத் துரத்துவது, தொழிலாளியைக் காட்டிப் பாம்பை ஒழிப்பது, இரண்டுமே ஒரு கணக்கிலே சரிப்படும். அது கம்பெனிக் கணக்கு.

தேயிலைத் தூரை அப்படியே விட்டுவிட்டு வந்தால் காடு தானாக முளைத்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அவ்வளவு சுலபமில்லை. வெட்டிவிட ஆளில்லாத தேயிலை, செடியாக நிற்காது. மரமாகவே எழுந்து நிழலடித்து நிற்கும். இடையிலே உண்ணிச்செடி மண்டும். வால்பாறைப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகிப் போன காடுகளை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பினர் இருபதாண்டுக்கும் மேலாக மீட்டு வருகிறார்கள். எப்படி? காட்டு மரங்களின் விதை பொறுக்கி, நாற்று வளர்த்து, களை அகற்றி, நட்டு, வருடக்கணக்கில் காவல் காத்து. இது கை வேலை. மலை தெரிந்த கைகளின் வேலை. எந்த மரம் எந்த மாதம் காய்க்கும், எந்தச் சரிவிலே மண் சரியும், எந்த ஓடையில் யானை இறங்கும் என்று தெரிந்தவர்கள் யார்? திருநெல்வேலிச் சந்திப்பில் டெண்டர் எடுக்கும் காண்டிராக்டரா? மாஞ்சோலைத் தொழிலாளியா?

8,373 ஏக்கரைக் காடாக்குவது ஒரு தலைமுறை வேலை. அந்த வேலையை அந்த மக்களுக்கே கொடு. தினக்கூலியாக அல்ல, நிலையான அரசு வேலையாகக் கொடு. அடிவாரத்திலே பட்டாவோடு வீடு கொடு. மலையில் அடக்கம் செய்யப்பட்ட தாய் தகப்பன் கல்லறைக்குப் போய்வரச் செக்போஸ்டிலே கெஞ்சாத உரிமை கொடு. பாம்பு பிடித்த இருளர், பாம்பைக் காக்கும் கூட்டுறவு நடத்த முடிந்தது என்று மேலே சொன்னோமல்லவா? காட்டை வெட்டச் சொல்லி ஏற்றப்பட்டவர்கள் காட்டை நடும் சங்கம் நடத்த முடியாதா? முடியும். செலவாகும் என்பார்கள் அதிகாரிகள். ஆகட்டும். தேயிலை ஏற்றுமதியான காலத்தில் எவரும் செலவென்று சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதியபின், சென்ற வாரம் மீண்டும் அந்தத் தேநீர்க்கடைக்குப் போனோம். தோழரிடம் மண் பாம்பின் கதையைச் சொன்னோம். வாலில் கேடயம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, மழுக்கைவாலனா? பளபளன்னு இருக்குமே! ஊத்துல மழ விடாமப் பெய்யுத நாளுல ரோட்டுல நெளியும் அண்ணாச்சி. ஜீப்பு ஏறிச் சப்பையாக் கெடக்கும். கான் வெட்டும்போது மம்பட்டியில எத்தன துண்டாயிருக்கு. ரெண்டு தலைன்னு சொல்லி நாங்களே அடிச்சிருக்கோம்."

சற்று நேரம் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெசம் இல்லன்னு அப்பவே ஒருத்தன் சொல்லியிருக்கலாம்லா!"

சொல்லியிருக்கலாம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இலண்டனில் அச்சான செய்தி, நாலுமுக்குத் தொழிலாளியின் காதுக்கு வந்து சேரவில்லை. எஸ்டேட்டிலே பள்ளிக்கூடம் இருந்தது. பாடப் புத்தகமும் இருந்தது. பொதிகையின் பாம்பு அதிலே இல்லை.

எழுந்து போகும்போது திரும்பிச் சொன்னார்:

"ஐப்பசி மழைக்கு வாங்க அண்ணாச்சி, காக்காச்சிக்கு மேல ஒரு எடம் இருக்கு, நானே தோண்டாமக் கொள்ளாமக் காட்டித் தாரேன். மணிமுத்தாறு செக்போஸ்ட்டுல என்னய விட்டாவன்னா."